முத்திரையின் மேல் முத்திரை

சென்ற மாதம் வன்னியிலிருந்து கமக்காரர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். கையில் ஒரு துணிப்பை; அதனுள் பொலித்தீன் உறையிற் பக்குவமாகச் சுற்றிய கடதாசிக் கட்டு. மகனின் பிறப்புச் சான்றிதழ், தமது விவாகச் சான்றிதழ், கிராம அலுவலரின் கடிதம், சமாதான நீதவான் முன்னிலையில் முடித்த சத்தியக் கடதாசி, இவை யாவற்றினதும் ஆங்கில மொழிபெயர்ப்பு ஆகியன அதில் இருந்தன. மகன் ஐரோப்பிய நாடொன்றில் வாழ்கின்றான். அங்கே அவனுடைய விவாகம் பதிவாவதற்கு அவனது பிறப்புச் சான்றிதழ் இலங்கை அரசின் முத்திரையையும், அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையையும் தாங்கிச் செல்லுதல் வேண்டும்.

இதன் பொருட்டு அப்பெரியவர் இரண்டு தடவை தலைநகர் சென்று மீண்டார். முதற் தடவை, சான்றிதழிற் கையொப்பமிட்ட உத்தியோகத்தரின் மாதிரிக் கையொப்பம் கோவையில் இல்லை என்று கூறினார்கள். இரண்டாந் தடவை, மொழிபெயர்ப்பிலே தந்தையின் பெயருக்கு ஓர் ஆங்கில எழுத்துக் கூடியிருக்கின்றது, கடவுச்சீட்டில் அவ்வெழுத்து இல்லை என்று கூறினார்கள். காலபோக விதைப்புக்கென ஒதுக்கி வைத்த பணத்தில் ஒரு பகுதி பேருந்துக்கும் விடுதிக்கும் தரகனுக்கும் போயிற்று. “ஐயா, என்ரை பிள்ளைக்கு நான்தான் தகப்பன் எண்டு சொல்ல இன்னும் எத்தினை சீல் வேணும்?” என்று அவர் எம்மைக் கேட்டார்.

இக்கேள்வியை ஒரு தனி மனிதரின் சலிப்பு என்று ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் கடல் கடந்த உறவு ஒன்றேனும் இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. அவ்வுறவைச் சட்டத்தின் கண்ணில் உறவாக்குவது கடதாசி. கணவனோடு மனைவி சேர்வதும், தந்தையின் காணி பிள்ளைக்குச் சேர்வதும், படித்தவன் தன் படிப்புக்கேற்ற தொழில் பெறுவதும் கடதாசியினாலேயே ஆகின்றன. ஆதலின், அக்கடதாசி எங்கே தடைப்படுகின்றது, ஏன் தடைப்படுகின்றது என்பதை நம் மக்கள் தெளிவாக அறிதல் வேண்டும்.

முத்திரை எதற்குச் சாட்சி?

முதலில் ஓர் உண்மையை விளங்கிக்கொள்வோம். வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு ஒரு சான்றிதழின் மேல் முத்திரை இடும்போது, அச்சான்றிதழிற் கூறப்பட்டிருப்பது உண்மை என்று சாட்சி சொல்வதில்லை. அதன் கீழுள்ள கையொப்பம் இன்ன உத்தியோகத்தருடையது, அவர் இன்ன பதவியில் இருந்தவர் என்று மாத்திரமே அது சொல்கின்றது. அதன்மேல் தூதரகம் இடும் முத்திரை, கொன்சியூலர் பிரிவின் முத்திரை மெய்யானது என்று சொல்கின்றது. ஒவ்வொரு முத்திரையும் தனக்குக் கீழேயுள்ள முத்திரைக்கே சாட்சி. சங்கிலியின் அடியிலே கிடப்பது ஒரு பதிவாளர் தம் கையால் எழுதிய பதிவேட்டின் ஒரு பக்கம். அப்பக்கம் பிழையாயின், மேலே எத்தனை முத்திரை ஏறினும் பிழை பிழையே.

இச்சங்கிலியின் நீளத்தைக் குறைப்பதற்கென்றே 1961 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 5 ஆந் திகதி ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. வெளிநாட்டுப் பொது ஆவணங்களைத் தூதரகங்கள் வாயிலாக உறுதிப்படுத்தும் தேவையை அது நீக்கிற்று. அதற்குப் பதிலாக ‘அப்போஸ்டில்’ எனப்படும் ஒரே சான்றுரை போதும் என்று விதித்தது. பக்கம் 9 சென்ரிமீற்றருக்குக் குறையாத சதுரம். அதனுள் நாடு, கையொப்பமிட்டவர், அவர் பதவி, திகதி, தொடரிலக்கம் முதலாகப் 10 விவரங்கள். வழங்கும் அலுவலகம் ஒவ்வொரு சான்றுரைக்கும் பதிவேடு வைத்திருத்தல் வேண்டும். சம்பந்தப்பட்ட எவரும் கேட்கும்போது அப்பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சொல்லுதலும் அதன் கடமை. உடன்படிக்கையிற் சேர்ந்த நாடுகளுக்கிடையே இதற்கு மேல் எந்தத் தூதரகத்தின் வாசலிலும் காத்திருக்க வேண்டியதில்லை.

நம் மக்கள் பரந்து வாழும் நாடுகள் இதிற் சேர்ந்த கால வரிசையைப் பாருங்கள். பிரித்தானியாவில் 1965 இலும், ஜேர்மனியில் 1966 இலும், சுவிற்சர்லாந்தில் 1973 இலும், நோர்வேயில் 1983 இலும், அவுஸ்திரேலியாவில் 1995 இலும் இது நடைமுறைக்கு வந்தது. அயலிலுள்ள இந்தியாவில் 2005 இலும், நம் தொழிலாளர் பலர் செல்லும் சவூதி அரேபியாவில் 2022 இலும், பாக்கிஸ்தானில் 2023 இலும், நெடுங்காலம் வெளியே நின்ற கனடாவில் 2024 ஜனவரியிலும் வந்தது. 120 இற்கு மேற்பட்ட நாடுகள் ஒரே சான்றுரையை ஏற்றுக்கொள்கின்றன.

இலங்கையோ 2001 முதல் ஹேக் மாநாட்டின் அங்கத்துவ நாடு. பிள்ளைக் கடத்தல் பற்றிய ஹேக் உடன்படிக்கையிலும், வெளிநாடுகளிற் சாட்சியம் பெறுதல் பற்றிய உடன்படிக்கையிலும் அது சேர்ந்துள்ளது. ஆயினும், கனடா உள்ளே நுழைந்த 2024 ஜனவரியிலும் அப்போஸ்டில் உடன்படிக்கையிலே இலங்கையின் பெயர் இல்லை. 60 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அத்தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார்? கொழும்பிலே தூதரகத்துக்கு அண்மையில் வாழ்பவர்கள் அரை நாளை இழந்தார்கள். முல்லைத்தீவிலும் மன்னாரிலும் படுவான்கரையிலும் வாழ்பவர்கள் ஒரு வாரத்தையும் ஒரு மாத உழைப்பையும் இழந்தார்கள்.

கையொப்பம் மட்டும் போதுமா?

ஆயின் ஓர் எச்சரிக்கையையும் நாம் கூறாமல் விடலாகாது. உடன்படிக்கையிற் சேர்ந்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று எண்ணுவோர் இந்தியாவின் அனுபவத்தைக் கவனித்தல் வேண்டும். புதிதாகச் சேரும் ஒரு நாட்டை ஏனைய நாடுகள் 6 மாதத்துக்குள் ஆட்சேபிக்கலாம். அவ்வாறு ஆட்சேபித்த நாட்டுக்கும் புதிய நாட்டுக்குமிடையே உடன்படிக்கை செயற்படாது. இந்தியா சேர்ந்தபோது ஜேர்மனி உட்படச் சில நாடுகள் இவ்வண்ணம் ஆட்சேபித்தன. ஒரு நாட்டின் பதிவேடுகளிலே பிறருக்கு நம்பிக்கை இல்லையெனில், அந்நாட்டின் சதுர முத்திரையிலும் அவர்களுக்கு நம்பிக்கை பிறவாது.

இதனாலேயே நாம் வற்புறுத்துகின்றோம்: கையொப்பம் இன்று விழுந்தாலும் நாளை விழுந்தாலும், வேலை தொடங்க வேண்டிய இடம் சங்கிலியின் அடி. அதாவது நம் கிராமத்துப் பதிவேடு.

அப்பதிவேட்டின் கதி என்ன? பிறப்பு நிகழ்ந்து 42 நாட்களுக்குள் அதனைப் பதிவு செய்தல் வேண்டும் என்பதும், 3 மாதம் கடந்தால் காலங்கடந்த பதிவு முறையை நாடுதல் வேண்டும் என்பதும் நம் நாட்டு விதி. பதுங்கு குழியில் பிள்ளை பெற்ற தாய்க்கு 42 நாளென்ன, 3 மாதமென்ன? இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, 2009 இல் முட்கம்பி வேலிக்குள் வந்து சேர்ந்த குடும்பங்கள் பல, கையிலிருந்த சான்றிதழ்களை வழியிலே இழந்தன. சண்டையிற் சில அலுவலகங்களின் ஏடுகளே அழிந்தன. 2004 டிசம்பர் 26 இன் கடற்கோள் கரையோர மக்களின் பெட்டகங்களையும் அவற்றிலிருந்த பத்திரங்களையும் அள்ளிச் சென்றது. இவ்வாறு அடிக்கல்லே பெயர்ந்த இடத்தில் மேன்மாடத்து முத்திரைகளைப் பற்றிப் பேசி என்ன பயன்?

தமிழ்நாட்டு முகாம்களிற் பிறந்து, பெற்றோருடன் தாயகம் திரும்பிய பிள்ளைகளின் நிலையும் இதனோடு சேர்ந்ததே. அவர்களிடம் இருப்பது இந்தியப் பிறப்புச் சான்றிதழ். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி வெளிநாட்டிற் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள், அல்லது அமைச்சர் தக்க காரணங்கண்டு நீடிக்கும் காலத்துக்குள், இலங்கைத் தூதரகத்திலோ அமைச்சிலோ பதிதல் வேண்டும். முகாமில் வாழ்ந்த ஏழைப் பெற்றோர் இவ்விதியை எங்ஙனம் அறிவர்? அறியாமையின் பலனை அவர்களின் பிள்ளைகள் பாடசாலையிலும் பரீட்சையிலும் அனுபவிக்கின்றனர்.

மொழியும் பெயரும்

அடுத்து மொழி. 1956 இற் சிங்களம் மாத்திரமே அரசகரும மொழியாக்கப்பட்டது. 1987 இல் 13 ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று கூறிற்று. 1988 இல் 16 ஆம் திருத்தம், வடக்கு கிழக்கு மாகாணங்களிற் பொதுப் பதிவேடுகளைத் தமிழிற் பேணுதல் வேண்டும் என்று விதித்தது. எழுத்திலே நல்ல சட்டம். ஆனால் தமிழிற் பதிவான பெயர் கடல் கடக்க வேண்டுமாயின் ஆங்கிலத்தில் எழுதப்படல் வேண்டும். அவ்வாங்கில எழுத்தை முடிவு செய்பவர் யார்?

ஒரு சண்முகத்தின் பெயரைக் கடவுச்சீட்டுக்கான விண்ணப்பத்திலே ஒருவர் ஒருவிதமாக எழுதுகின்றார். பாடசாலைப் பதிவில் ஆசிரியர் இன்னொருவிதமாக எழுதுகின்றார். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் மூன்றாவது விதமாக எழுதுகின்றார். மூவரும் தத்தம் வழியிற் பிழை செய்யவில்லை. நம் ஒலியைப் பிறமொழி எழுத்தில் எழுதுவதற்கு ஒரே வழி இல்லை. தந்தையின் பெயரை முதலெழுத்தாக வைக்கும் நம் வழக்கம் இன்னொரு சிக்கல். குடும்பப் பெயர் யாது என்று வெளிநாட்டுப் படிவம் கேட்கின்றது. நமக்கோ குடும்பப் பெயரே இல்லை. தந்தையின் குடும்பப் பெயர் ஒன்றாகவும் மகனின் குடும்பப் பெயர் வேறொன்றாகவும் தோன்றும்போது, இவர்கள் தந்தையும் மகனுந்தானா என்று அந்நிய உத்தியோகத்தர் ஐயுறுகின்றார். ஒரே ஆளின் இரு பெயரெழுத்தும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுப்பது எம் போன்ற சட்டத்தரணிகளின் அன்றாட வேலையாகிவிட்டது. ஒரு பதிவாளர் ஒரு வரியிற் செய்யத்தக்க காரியத்துக்கு ஏழை மக்கள் எமக்குக் கூலி கொடுப்பதை நாம் பெருமையாகக் கொள்ளவில்லை.

கடல் கடந்து வரும் கடதாசி

இதுகாறும் வெளியே செல்லும் கடதாசியைப் பற்றிக் கூறினோம். உள்ளே வரும் கடதாசியோ நம் நிலத்தையே தொடுகின்றது. கமக்காரர்கள் இப்பகுதியைச் சற்று ஊன்றிப் படிக்குமாறு வேண்டுகின்றோம்.

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் முதலாக, காணியின் அறுதியும் ஈடும் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு உறுதியாக முடிக்கப்படல் வேண்டும் என்பது நம் சட்டம். காணிக்காரர் ரொறொன்ரோவிலோ இலண்டனிலோ இருந்தால், அவர் சார்பில் இங்குள்ள ஒருவர் கையொப்பமிட அற்றோணித் தத்துவம் தேவை. 1902 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இத்தத்துவங்களின் பதிவை ஒழுங்குபடுத்துகின்றது. போலித் தத்துவங்களைத் தடுக்கும் நோக்குடன் அது 2022 இற் திருத்தப்பட்டது. வெளிநாட்டிற் கைச்சாத்தான தத்துவம் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் சான்றோடு வருதல் வேண்டும்.

நம் தேசவழமையும் இங்கே குறுக்கிடுகின்றது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த அவ்வழமையின் வழிவந்த 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மனைவி தன் சொந்த அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று விதித்தது. தன் சீதனக் காணியில் ஒரு பரப்பை ஈடு வைத்துக் கிணறு வெட்ட நினைக்கும் பெண், கடல் கடந்த கணவனின் கையொப்பத்துக்காக மாதக்கணக்கிற் காத்திருக்கும் நிலை இதனால் உண்டாயிற்று. இவ்விதி இக்காலத்துக்குப் பொருந்துமா என்பது தனியே ஆராய வேண்டிய விடயம். எனினும், அது உள்ளவரை அக்கையொப்பம் விரைவாகவும் மெய்யாகவும் வந்து சேர வழி செய்யாதிருப்பது அப்பெண்ணுக்கு இரட்டை அநீதி.

மெய்யான கடதாசி வருவதற்குத் தடை பெருகப் பெருகப் போலிக் கடதாசிக்குச் சந்தை பெருகுகின்றது. காணிக்காரர் அறியாமல் அவர் பெயரிலே தத்துவம் தோன்றுவதும், அதைக் கொண்டு காணி கைமாறுவதும், அவர் ஊர் திரும்பும்போது வேலிக்குள் வேறொருவர் குடியிருப்பதும் நம் நீதிமன்றங்கள் அறிந்த கதைகளே. தடைகளை நீக்கினால் மோசடி பெருகும் என்று அஞ்சுவோருக்கு எமது விடை இதுவே: தொடரிலக்கமும் பதிவேடும் உடைய ஒரு சான்றுரையை எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஐந்து மங்கலான முத்திரைகளை எவரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

நாம் கோருவன

நம் பிரதிநிதிகள் பாராளுமன்றத்திலே கேட்க வேண்டியவற்றை ஒழுங்காக வைக்கின்றோம்.

முதலாவது, அப்போஸ்டில் உடன்படிக்கையின் பயன் இந்நாட்டுக் குடிமக்கள் எல்லோருக்கும் கிடைத்தல் வேண்டும். அச்சான்றுரையை வழங்கும் அதிகாரம் தலைநகரில் மாத்திரம் தங்கலாகாது. யாழ்ப்பாணத்திற் கொன்சியூலர் அலுவலகம் திறக்கப்பட்டமை நல்ல தொடக்கம். ஆயின் மாங்குளத்தானுக்கும் வாகரையானுக்கும் யாழ்ப்பாணமும் தூரமே. மாதிரிக் கையொப்பங்கள் மின்னணுக் கோவையில் இருக்கும் இக்காலத்தில், ஒவ்வொரு மாவட்டச் செயலகத்திலும் இவ்வேலையைச் செய்வதற்குத் தடை யாது?

இரண்டாவது, போரிலும் கடற்கோளிலும் அழிந்த பதிவுகளை மீளமைக்கும் நடமாடும் சேவை கட்டணமின்றிக் கிராமந்தோறும் செல்லுதல் வேண்டும். பதிவாளர் தமிழில் எழுதவும் பேசவும் வல்லவராக இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, தமிழ்ப் பெயரின் ஆங்கில எழுத்தைச் சொந்தக்காரரின் விருப்பப்படி பதிவேட்டிலேயே குறிக்கவும், பழைய பதிவுகளில் உள்ள வேறுபாட்டைச் சான்றுப்படுத்தவும் மாவட்டப் பதிவாளருக்கு அதிகாரம் அளித்தல் வேண்டும்.

நான்காவது, எந்தக் கடதாசிக்கு எவ்வளவு கட்டணம், எத்தனை நாள் என்ற விவரத்தை ஒவ்வொரு அலுவலகத்தின் வாசலிலும் தமிழில் எழுதி வைத்தல் வேண்டும். அப்பலகை எழுந்த நாளில் தரகனின் தொழில் பாதி ஒழியும்.

நாம் செய்யத்தக்கவை

அரசு செய்யும் வரை நாம் கைகட்டி இருப்பதா? வெளிநாடு கேட்பது எது என்பதை எழுத்திலே பெற்ற பின்னரே வீட்டை விட்டுப் புறப்படுங்கள். எல்லா விண்ணப்பத்துக்கும் எல்லா முத்திரையும் வேண்டுமென்பதில்லை. கேளாத முத்திரைக்குப் பணம் பறிப்பதே தரகனின் முதல். பெயரெழுத்தைக் கடவுச்சீட்டோடு ஒப்பிட்ட பின்னரே மொழிபெயர்ப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். மூலப் பத்திரத்தை எவரிடமும் நம்பிக் கொடாதீர்கள்.

வெளிநாட்டில் வாழும் உறவினருக்கும் ஒன்று சொல்வோம். அற்றோணித் தத்துவம் கொடுப்பதாயின், எல்லாக் காரியத்துக்கும் இடங்கொடுக்கும் பொதுத் தத்துவத்தைத் தவிர்த்து, இன்ன காணி, இன்ன காரியம் என்று வரையறுத்த விசேட தத்துவத்தையே கொடுங்கள். காரியம் முடிந்ததும் அதனை இரத்துச் செய்து, அவ்விரத்தையும் பதிவு செய்யுங்கள். கொடுத்தவர் இறந்ததும் தத்துவமும் இறந்துவிடுகின்றது என்பதை மறவாதீர்கள். அதன் பின் அதைக் கொண்டு முடிக்கும் உறுதி வழக்குக்கே வித்து.

சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் இளைப்பாறிய உத்தியோகத்தர்களும் மாதத்தில் ஒரு நாளைத் தம் கிராமத்துக்கு ஒதுக்க முன்வருதல் வேண்டும். சனசமூக நிலையத்தில் ஒரு மேசையும் இரு கதிரையும் போதும். பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளைகளின் பட்டியலை அங்கே எழுதுங்கள். கமக்காரர் அமைப்புகள் மேற்கூறிய கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றித் தத்தம் பாராளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பட்டும். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் அத்தீர்மானத்தின் பிரதியை நீட்டி, “இதற்கு என்ன செய்தீர்?” என்று கேட்கட்டும்.

எம்மிடம் வந்த கமக்காரர் மூன்றாந் தடவையாகத் தலைநகர் செல்ல ஆயத்தமாகின்றார். திருத்திய மொழிபெயர்ப்பும் புதிய பிரதியும் இம்முறை அவர் பையில் இருக்கும். நாமும் உடன் செல்கின்றோம். வயலில் அவர் நிற்க வேண்டிய நாளில் அவர் அலுவலக வாங்கிலே அமர்ந்திருப்பார். அவ்வாங்கில் அவருக்குப் பக்கத்தில் அமரப் போகின்றவர் நம்முள் யாராகவும் இருக்கலாம் என்பதை உணர்ந்தேனும் நம் மக்கள் இவ்விடயத்தை இனி உரத்துப் பேசுவார்களாக.